போட்டோக்கொப்பிக் கடையும் புத்தாக்க ஆய்வுகூடமும்

மூன்றாம் வருடத்தில் எங்களுக்கு ஒரு களஆய்வு செய்ய வேண்டியிருந்தது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 'அரச சேவையும் பயனாளிகளும்' என்று கொஞ்சம் பெரிய தலைப்பாகவே எடுத்துவிட்டோம். ஒரு பிரதேச செயலகத்தின் உள்ளே இருந்து பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் குடுத்தோம். கடிதம் மேசை மேசையாகப் போனது, செமஸ்டர் முடியும்வரை திரும்பி வரவில்லை. வேறு வழியில்லாமல் எதிரே இருக்கிற போட்டோக்கொப்பிக் கடையில் போய் நின்றோம். கடைக்கார அக்கா ஒரு வாங்கைக் காட்டி, "இதில இருங்கோ, வாற சனத்துக்கு இடைஞ்சல் குடாதேங்கோ" என்றா. மூன்று கிழமை அங்கேதான் இருந்தோம்.

செயலகத்தின் முன்கதவு உண்மையில் அந்தக் கடைதான் என்று முதல் நாளே விளங்கிவிட்டது. சனம் முதலில் அங்கேதான் வருகிறது. எந்தப் படிவம், எத்தனை பிரதி, விதானையாரின் கையொப்பம் முதலிலா பிறகா, எந்த மேசைக்காரர் இன்றைக்கு லீவு, எல்லாம் அக்காவுக்குத் தெரியும். சுவரில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் நிரப்பிய மாதிரிப் படிவங்கள் தொங்குகின்றன. ஆட்கள் வழக்கமாகப் பிழைவிடுகிற இடங்களில் சிவப்புப் பேனையால் அம்புக்குறி போட்டிருக்கிறா. ஒரு நாள் மத்தியானம் நாலைந்து பேர் ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டு வந்தார்கள். அன்று பின்னேரமே பழைய மாதிரித் தாள் கழற்றப்பட்டுப் புதியது ஏறிவிட்டது. இதற்குக் குழுக்கூட்டமும் இல்லை, சுற்றுநிருபமும் இல்லை.

இரண்டாவது கிழமை ஒரு அம்மா வந்தா. ஏதோ உதவித்திட்டம் ஒன்றுக்கான படிவம். விவாக நிலை என்ற இடத்தில் மூன்று பெட்டிகள்: திருமணமானவர், திருமணமாகாதவர், விதவை. பேனையைப் பிடித்தபடி அம்மா கனநேரம் நின்றா. அவவின்ட மனிசன் 2009க்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. செத்துப்போனார் என்று எழுத அவ தயாரில்லை, திருமணமானவர் என்று அடையாளமிட்டால் கணவரின் வருமானம் எவ்வளவு என்று அடுத்த வரி கேட்கிறது. அக்கா படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அதை வெறுமையா விடுங்கோ. உள்ள மூண்டாவது மேசையில நேர சொல்லுங்கோ, அந்த மிஸ்ஸுக்கு விளங்கும்" என்றா. அம்மா போனா. நாங்கள் நோட்புக்கில் ஒன்றும் எழுதாமல் இருந்தோம்.

இந்த விசயத்தில் சட்டம் எப்போதோ முன்னுக்குப் போய்விட்டது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், காணாமல்போனவர்களின் குடும்பங்கள் மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஆள் காணாமல்போயிருக்கிறார் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம் என்று சொல்கிறது. மரணத்துக்கும் உயிரோடிருப்பதற்கும் நடுவில் ஒரு நிலை உண்டு என்று அரசு ஒத்துக்கொண்டது சின்ன விசயமில்லை. பல வருடமாகப் படங்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் இருந்த தாய்மாரின் அழுத்தம் இல்லாமல் அது வந்திராது. எங்களைக் கேட்டால் இலங்கை அரச துறையின் மிகப் பெரிய புத்தாக்கங்களில் ஒன்று என்று அதைத்தான் சொல்லுவோம். ஆனால் சட்டத்தில் வந்த நாலாவது நிலை, அந்த அம்மாவின் கையில் இருந்த தாளில் நாலாவது பெட்டியாக வந்து சேரவில்லை. பாராளுமன்றத்திலிருந்து அந்தத் தாள்வரைக்கும் இருக்கிற தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் உலகத்தில் பல இடங்களில் அரசாங்கங்களுக்குள்ளேயே 'புத்தாக்க ஆய்வுகூடம்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். ஆய்வுகூடம் என்றதும் கலைப்பீடக்காரரான எங்களுக்குச் சாதாரண தரத்தோடு கைகழுவிவிட்ட பன்சன் சுடரடுப்புதான் ஞாபகம் வரும். இது வேறு. ஒரு சின்னக் குழு. அது ஒரு அரச சேவையை எடுத்து, அதைப் பாவிக்கிற ஆட்களிடம் போய்ப் பார்த்து, கேட்டு, ஒரு சின்ன மாற்றத்தைச் சிறிய அளவில் செய்துபார்த்து, சரிவந்தால் பெரிதாக்கச் சொல்லும். சரிவராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுதிவைக்கும். அவ்வளவுதான்.

எல்லோரும் உதாரணம் காட்டுவது டென்மார்க்கின் மைண்ட்லாப். 2002இல் அங்குள்ள வணிக விவகாரங்களுக்கான அமைச்சுக்குள் தொடங்கியது. பிறகு வரி, வேலைவாய்ப்பு அமைச்சுகளும் சேர்ந்துகொண்டன. எங்களுக்குப் பிடித்தது அவர்கள் வேலைக்கு எடுத்த ஆட்கள்: சமூகவியல், மானிடவியல் படித்தவர்களும் அங்கே வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து இருந்தார்கள். வேலைத்தளத்தில் காயப்பட்டவர்களின் இழப்பீட்டு விண்ணப்பங்களைக் கையாளுகிற அரச நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் செய்த வேலை பிரபலமானது. காயப்பட்டவர்களின் வீடுகளுக்கே போய், இந்த விண்ணப்பப் பயணம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். கோப்பு ஒழுங்காக நகர்ந்தால் சேவை ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்திருந்த அதிகாரிகளுக்கு, கோப்புக்குச் சொந்தக்காரனின் குரலை முதற்தடவையாகக் கேட்கவேண்டி வந்தது. எங்கட விரிவுரை மண்டபத்தில் 'பங்குபற்றல் அவதானிப்பு' என்று மனனம் செய்து பரீட்சைக்கு எழுதிவிட்டு மறக்கிற முறைதான் இது. அதை ஒரு அமைச்சு காசு குடுத்துச் செய்வித்தது.

மெக்சிகோ நகரத்தின் கதை இன்னும் சுவாரசியம். 2013இல் அந்த மாநகர அரசு ஒரு நகர ஆய்வுகூடம் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய கப்ரியேலா கோமெஸ்-மோன்ட் நிர்வாக சேவைக்காரர் இல்லை, பத்திரிகையும் கலையும் சார்ந்தவர். லட்சக்கணக்கான ஆட்கள் தினமும் ஏறி இறங்குகிற சின்ன பஸ்களின் பாதைகளுக்கு நகரத்திடம் முழுமையான வரைபடமே இருக்கவில்லை. 2016இல் அதை ஒரு கைத்தொலைபேசி விளையாட்டாக்கினார்கள். பஸ்ஸில் போகிறவர்களே பாதையைப் பதிந்து புள்ளிகள் சேர்க்கலாம், வரைபடம் தானாக வரும். எங்கட மினிபஸ்களின் நேரத்தையும் பாதையையும் கொண்டக்டரின் தொண்டையைத் தவிர வேறெங்கும் தேடமுடியாது என்பது ஞாபகம் வந்து நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

ஆனால் கதையின் மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். மைண்ட்லாப் 2018இல் மூடப்பட்டது. மெக்சிகோ நகர ஆய்வுகூடமும் அதே 2018இல், நகர ஆட்சி மாறிய கையோடு முடிந்தது. ஒன்றுக்குப் பதினாறு வருடம், மற்றதுக்கு ஐந்து. நல்ல வேலை செய்தால் நிலைத்து நிற்கலாம் என்று இல்லை. ஆய்வுகூடத்துக்கு ஒரு அமைச்சர், ஒரு மேயர், ஒரு செயலாளர் என்று யாரோ ஒரு ஆளின் குடை தேவைப்படுகிறது. குடை போனால் மழைதான்.

இங்கேயும் இருக்கிறது. 2018இல் அப்போதைய விஞ்ஞான, தொழினுட்ப, ஆராய்ச்சி அமைச்சும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் சேர்ந்து 'சித்ரா' என்ற சமூகப் புத்தாக்க ஆய்வுகூடத்தைத் தொடங்கின. இலங்கையின் முதலாவது இப்படியான ஆய்வுகூடம் என்று அறிமுகப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு எத்தனை தேர்தல், எத்தனை அமைச்சுப் பெயர்ப்பலகை மாற்றம், ஒரு பொருளாதார வீழ்ச்சி. நாங்கள் அதைப் பழிக்க வரவில்லை. கொழும்பில் ஒரு ஆய்வுகூடம் இருக்கும்போதே, பிரதேச செயலகத்துக்கு எதிரே இன்னொரு ஆய்வுகூடம் போட்டோக்கொப்பிக் கடையாக ஏன் ஓடவேண்டியிருக்கிறது என்பதுதான் எங்கட கேள்வி.

இந்த இடத்தில் எங்கட சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். களஆய்வு முடிந்த அடுத்த மாதம், ஒரு நிறுவனம் இளைஞர்களுக்காக நடத்திய இரண்டு நாள் புத்தாக்கப் பயிற்சிப்பட்டறைக்குப் போனோம். ஹோட்டல், ஏசி, காலை பத்து மணிக்குப் பற்றிஸ். மஞ்சள், பச்சை, ரோஸ் ஸ்டிக்கி நோட்டுகள். பயனாளியின் மனநிலையை ஒரு பெரிய தாளில் வரையச் சொன்னார்கள். நாங்கள் அந்த அம்மாவை வரைந்தோம். நாலாவது பெட்டியைப் பிரேரித்தோம்: கணவர் காணாமல்போயுள்ளார், சான்றிதழ் உண்டு, இல்லை. அடுத்த வருமானக் கேள்வியைத் தாண்டிப்போக ஒரு வரி. முழு மாற்றமும் அரைப் பக்கம்கூட வராது. நடுவர்களுக்குப் பிடித்திருந்தது, இரண்டாம் பரிசும் கிடைத்தது. முதலாம் பரிசு ட்ரோன் சம்பந்தப்பட்ட ஒன்றுக்குப் போனது, அதைப் பற்றி எங்களுக்குக் கோபமில்லை, கொஞ்சம்தான்.

கடைசியில் கை உயர்த்திக் கேட்டோம்: இந்தப் படிவத்தை இனி யார் மாற்றுவார்கள்? இணைப்பாளர் நல்ல மனிசன். "அது அடுத்த கட்டம்" என்றார். ஆரம்ப உரை நிகழ்த்த வந்த அதிகாரி முதல் நாள் தேநீரோடு போய்விட்டார். அடுத்த கட்டம் இன்னும் வரவில்லை. சான்றிதழ் மட்டும் வந்தது, அதில் எங்களில் ஒருத்தியின் பெயர் பிழையாக இருந்தது.

விடவில்லை. தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று, அந்தப் படிவத்தின் உள்ளடக்கத்தை அங்கீகரித்தது யார் என்று கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டோம். பதில் வந்தது. ஒரு சுற்றுநிருப இலக்கம் இருந்தது, ஆள் இருக்கவில்லை. படிவத்துக்குத் தாய் தகப்பன் இல்லை, அது சுற்றுநிருபத்துக்குப் பிறந்தது.

இந்த விசயத்தில் உள்ளே இருக்கிறவர்களைத் திட்டுவது சுகம். நாங்களும் திட்டினோம், மூன்றாவது மேசை மிஸ்ஸோடு கதைக்கும்வரை. கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்த நேரத்தில் பிடித்தோம். வெறுமையாக விட்ட இடத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். பென்சிலால் ஒரு குறிப்பு எழுதிவிடுவாராம். ஏன் பென்சில்? "பேனையால எழுதினால் ஓடிட்டில கேப்பினம், படிவத்தில இல்லாததை ஏன் எழுதினனீங்கள் எண்டு. நான் நல்லது செய்யப்போய் என்ட இன்க்ரிமென்ட் நிண்டால் ஆர் பதில் சொல்லுறது, தங்கச்சி?"

எங்களுக்கு இதில்தான் முழு விசயமும் இருக்கிறது. மிஸ்ஸுக்குப் பிரச்சினை தெரியும், தீர்வும் தெரியும், மனமும் இருக்கிறது. இல்லாதது, செய்துபார்க்க ஒரு அனுமதி. அரச அலுவலகத்தில் பழைய பிழையைத் தொடர்ந்து செய்தால் யாரும் கேட்கமாட்டார்கள், புதிதாக ஒன்றைச் சரியாகச் செய்தாலும் விளக்கம் கேட்பார்கள். கணக்காய்வு பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. மக்கள் காசு எங்கே போனது என்று கேட்க ஆள் வேண்டும், இந்த நாட்டுக்கு அதைவிட அவசியம் எது? ஆனால் காசு களவெடுத்தவனுக்கும் படிவத்தில் ஒரு பெட்டி கீறினவளுக்கும் ஒரே பயம் என்றால், இரண்டாவது ஆள்தான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள். அரச துறைக்குள் ஆய்வுகூடம் ஒன்று செய்யக்கூடிய முதல் வேலை, இந்தப் பென்சிலைப் பேனையாக்குவது. இந்தப் பிரதேசத்தில், இந்தச் சேவையில், இவ்வளவு காலத்துக்கு, இன்ன மாற்றத்தைச் செய்துபார்க்கலாம், பிழைத்தால் பொறுப்பு எங்களுடையது என்று எழுத்தில், கையொப்பத்தோடு குடுப்பது. ஹோட்டலும் ஸ்டிக்கி நோட்டும் அதற்குப் பிறகு.

அதிகாரம் பின்னால் இருந்தால் இந்த நாட்டிலும் கெதியாக வேலை நடக்கும் என்பதற்கு எல்லோரும் வாழ்ந்து பார்த்த ஒரு உதாரணம் இருக்கிறது. 2022 ஜூலையில் வந்த கியூஆர் எரிபொருள் அட்டை. நாள்கணக்கில் வரிசையில் கிடந்த சனத்துக்கு மோட்டார்சைக்கிள் 4 லீட்டர், முச்சக்கரவண்டி 5 லீட்டர், கார் 20 லீட்டர் என்று கிழமைப் பங்கீடு தொடங்கியது. ஐ.சி.டி.ஏ.யும் தனியார் தொழில்நுட்பக் கம்பனிகளின் ஆட்களும் சேர்ந்து மிகக் குறுகிய காலத்தில் செய்தார்கள். மென்பொருளின் கெட்டித்தனம் என்றுதான் பலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அப்படிப் படவில்லை. பங்கீடு என்ற முடிவை அமைச்சு எடுத்தது, பெற்றோல் செட்டில் அது அமுல்படுத்தப்பட்டது, அதனால் கியூஆர் வேலைசெய்தது. முடிவு இல்லாமல் அந்தச் செயலியை மட்டும் ஒரு பயிற்சிப்பட்டறையில் காட்டியிருந்தால் அதற்கும் இரண்டாம் பரிசுதான்.

அதே கியூஆரிலேயே மற்றப் பாடமும் இருக்கிறது. திட்டம் வாகன இலக்கத்தில் இருந்து தொடங்கியது. எங்கட பக்கத்துத் தோட்டக்காரர்களின் இறைப்பு மெசினுக்கு இலக்கத்தகடு இல்லை. முதல் கிழமைகளில் வெங்காயம் வாடிக்கொண்டிருக்க, அவர்கள் கானைத் தூக்கிக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைந்ததை நாங்கள் கண்டோம். கொழும்பில் இருந்து யோசிக்கிறவருக்கு எரிபொருள் என்றால் வாகனம். ஒரே ஒரு ஆள் புன்னாலைக்கட்டுவன் பக்கம் ஒரு காலமை வந்து நின்றிருந்தால், மண்ணெண்ணெயும் பெற்றோலும் தோட்டத்துக்கும்தான் என்று அன்றே தெரிந்திருக்கும்.

அஸ்வெசும இன்னும் கசப்பான உதாரணம். 22 குறிகாட்டிகளை வைத்து வறுமையை அளந்தார்கள். 2023இல் பெயர்ப்பட்டியல் வெளிவந்ததும் லட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. அளப்பதே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை, அரசியல்வாதியின் கைப்பட்டியலைவிட அளவுகோல் எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு மூன்று பிரதேச செயலகப் பிரிவுகளில் முதலில் செய்துபார்த்து, யார் ஏன் விடுபட்டார்கள் என்று வீடுவீடாகப் போய்க் கேட்டு, அதைப் பகிரங்கமாக எழுதி, பிறகு நாடு முழுக்கப் போயிருந்தால்? ஆய்வுகூடம் என்ற சொல்லுக்கு அர்த்தமே அதுதானே, வெடித்தாலும் சின்னதாக வெடிக்கட்டும் என்பது. நாடு முழுக்கவே ஆய்வுகூடமாக்கினால் பரிசோதனை எலி யார் என்று சொல்லத் தேவையில்லை. பெயரையாவது தமிழில் வைத்திருக்கலாம் என்பது எங்கட தனிப்பட்ட முணுமுணுப்பு. அஸ்வெசும, சுவசெரிய என்று தமிழ் எழுத்தில் வாசிக்கிறோம், அர்த்தத்தைச் சிங்களம் தெரிந்த நண்பனிடம் கேட்கிறோம்.

மொழி சின்ன விசயமில்லை. அரசியலமைப்பின்படி வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். ஆனால் படிவம் பிறக்கிற மொழி தமிழ் இல்லை. வேறு மொழியில் யோசித்து, கடைசி நிமிடத்தில் மொழிபெயர்த்து வருகிறது. 'தங்கிவாழ்வோர்' என்ற சொல்லுக்கு நேரே ஒரு ஐயா வீட்டில் வாடகைக்கு இருக்கிற பெடியனின் பெயரை எழுதினார். பிழை ஐயாவுடையதா? அக்காவின் மாதிரித் தாளில் அந்த இடத்தில் 'உங்கட உழைப்பில சாப்பிடுற ஆக்கள்' என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் பிழைவிட்டதை நாங்கள் காணவில்லை.

இப்போது எங்களைப் பற்றி. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு என்ன நடக்கும் என்று வீட்டில் கேட்காத நாள் இல்லை. பெரும்பாலும் நடக்கப்போவது இதுதான்: பட்டம், பட்டதாரிகள் போராட்டக் கொட்டகை, பிறகு ஏதோ ஒரு அரசாங்கம் ஏதோ ஒரு தேர்தலை ஒட்டி அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஒரு நியமனம். 2020இல் 50,000 பட்டதாரிகளுக்கு வேலை என்று அறிவித்து ஆட்களைச் சேர்த்தார்கள். அப்படிப் போன அண்ணாமார் அக்காமாரிடம் கேட்டால், சிலருக்கு முதல் மாதங்களில் இருக்கக் கதிரையே இல்லை, என்ன வேலை என்று சொல்லவும் ஆளில்லை. பத்திரிகைகள் இதைச் சுமை என்று எழுதுகின்றன. நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடையில் இருந்த மூன்று கிழமைக்குப் பிறகு எங்களுக்கு வேறு மாதிரித் தெரிகிறது. மைண்ட்லாப் தேடித்தேடி எடுத்த ஆட்கள் இவர்கள்தானே. சமூகவியல் படித்தவள், புவியியலில் வரைபடம் கீறத் தெரிந்தவன், தமிழ் சிறப்புக்கலை படித்து ஒரு வசனத்தைச் சனத்துக்கு விளங்கிற மாதிரித் திருத்தக்கூடியவன். எல்லோரும் ஏற்கெனவே செயலகத்துக்குள் இருக்கிறார்கள், சம்பளமும் போகிறது. ஒவ்வொரு பிரிவிலும் இவர்களில் மூன்று பேருக்கு ஒரு மேசையும், வருடத்துக்கு ஒரு சேவையைத் திருத்திப்பார்க்க மாவட்டச் செயலாளரின் கையொப்பமிட்ட அனுமதியும் குடுத்தால், புதிதாக ஒரு கட்டடமும் தேவையில்லை, வெளிநாட்டு நிதியும் தேவையில்லை. என்ன மாற்றினார்கள், என்ன பிழைத்தது என்று வருடக் கடைசியில் தமிழில் இரண்டு பக்கம் எழுதி வெளியிடட்டும். அமைச்சர் மாறினாலும் அந்த இரண்டு பக்கம் கிடக்கும்.

இது நடக்காமல் போக நூறு காரணம் இருக்கிறது. அந்த மூன்று பேரையும் தேர்தல் கடமைக்கும் டெங்கு ஒழிப்புக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். மேலதிகாரிக்குப் பிடிக்காத கண்டுபிடிப்பு கோப்புக்குள் போகும். எங்களில் ஒருத்தர் அந்தக் கதிரையில் போய் இருந்து ஐந்து வருடத்தில் "அடுத்த கட்டம்" என்று சொல்லிப் பழகிவிடலாம் என்ற பயமும் எங்களுக்கு இருக்கிறது. அதை நாங்கள் நான்கு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டோம், பகிடியாக.

களஆய்வுக்கு ஏ மைனஸ் வந்தது. அறிக்கையில் ஒரு பிரதியை அக்காவிடம் குடுக்கப் போனோம். புரட்டிப் பார்த்துவிட்டு, இதில படிவத்தின்ட பக்கத்தை மட்டும் தாங்கோ என்று எங்கட நாலாவது பெட்டி இருக்கிற தாளைக் கழற்றி மெசினில் வைத்தா. போன கிழமை அந்தப் பக்கம் போனபோது அது சுவரில் தொங்கியது. மேலே சிவப்புப் பேனையால், "இது இன்னும் வரேல்லை. வரும்வரை வெறுமையா விட்டு மூண்டாவது மேசையில சொல்லவும்."